சீசன் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: கொழும்பில் மனச்சோர்வோடும் பதகளிப்போடும் வேலை பார்ப்பது எப்படி

கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் நான் முகாமையாளர். இருப்பது வெள்ளவத்தையில், அம்மாவோடு. மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் (ஓயாத பதற்றம்) பல வருடமாக மருந்து எடுக்கிறேன். அந்த வருடங்களுக்குள்தான் பட்டயக் கணக்காளர் சோதனையின் கடைசிப் பகுதியை முடித்தேன், பதவி உயர்வும் வந்தது. இந்த வருத்தத்தோடு பெரிய வேலை பார்க்க ஏலாது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், ஏலும் என்பதற்கு ஓர் ஆளாவது இருக்கட்டும் என்றுதான் இதைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் டொக்டர் இல்லை. எனக்குச் சொல்லித் தந்ததையும், நான் செய்து பார்த்து வைத்துக்கொண்டதையும் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: "சீசன் முடியட்டும், பார்ப்பம்." நிதியாண்டு மார்ச் 31 முடியும், அன்றைக்கே யாரோ ஒருவருடைய களஞ்சியத்தில் சரக்கு எண்ணிக்கொண்டு நிற்போம். வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போய் வந்தவுடன் தொடங்கினால் ஓகஸ்ட் வரை மூச்சு விட ஏலாது. பிறகு வருமானவரி அறிக்கை, நவம்பர் 30. அது முடிய, டிசம்பர் 31 இல் கணக்கை மூடும் வங்கிகள். முடிகிற சீசன் எது? ஆகவே நான் செய்வது இதுதான்: வருடத் தொடக்கத்திலேயே கிளினிக் திகதிகளை முதலில் நாட்காட்டியில் போடுவேன். வேலையை அதைச் சுற்றி அடுக்குவேன். நீங்கள் மென்பொருளில் இருந்தாலும், புதுக்கடையில் வழக்குப் பேசினாலும், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்தாலும் உங்களுக்கும் ஒரு மார்ச் 31 இருக்கும். அதற்கு முன்னாலேயே டொக்டரைப் பிடியுங்கள்.

போகவேண்டிய நேரம் எது

மனம் இருண்டு கிடக்கிறது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லை, நித்திரையும் சாப்பாடும் குழம்பிவிட்டன, இது கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இருக்கிறது, இரண்டு கிழமை தாண்டிவிட்டது என்றால் போங்கள். வைத்தியர்கள் மனச்சோர்வுக்கு வைத்திருக்கும் கால அளவு அந்த இரண்டு கிழமைதான். கையில் ஏதாவது எண் வேண்டும் என்பவர்களுக்கு (எங்கள் ஆக்கள் எண் இல்லாமல் எதையும் நம்பமாட்டார்கள்) பிஎச்கியூ-9, ஜிஏடி-7 என்று இரண்டு கேள்விக்கொத்துகள் இருக்கின்றன. தமிழிலும் கிடைக்கும். முதலாவது மனச்சோர்வுக்கு, மொத்தம் 27 புள்ளிக்கு. மற்றது பதகளிப்புக்கு, 21 புள்ளிக்கு. எதில் 10 அல்லது மேலே வந்தாலும் டொக்டரைப் பார்க்கவேண்டும். பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணத்தைப் பற்றியது. அதில் பூச்சியத்தைத் தவிர வேறு எதைப் போட்டாலும் மொத்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் இந்த வருத்தம் பெரும்பாலும் உடம்பில்தான் முதலில் தலை காட்டும். நெஞ்சிடி, வயிற்றெரிவு, நாரிப்பிடிப்பு, கை விறைப்பு. நெஞ்சு படபடத்தால் ஒருதரம் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது சரி. தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் கட்டாயம் பாருங்கள். தைரொயிட் கூடினாலும் குறைந்தாலும், இரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி இருக்கும். எல்லாம் சரி என்று வந்த பிறகு வேறொரு இதய நிபுணரிடம் மறுபடி ஈசிஜி எடுக்கப் போகாதீர்கள். அந்தக் காசை மனநல வைத்தியருக்குச் சேமியுங்கள்.

எங்கே, யாரிடம்

கொழும்பில் வழி மூன்று. ஒன்று சனல் பண்ணுவது, அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி நிபுணரிடம் நேரம் எடுப்பது. அரச ஆஸ்பத்திரி நிபுணர்கள் பலர் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தனியார் இடங்களில் இருப்பார்கள், வேலை முடிந்து போகலாம். பத்துப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். இரண்டாவது அரச கிளினிக். தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலவிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. பார்ப்பதும் இலவசம், மருந்தும் இலவசம். ஆனால் காலையில் போய் வரிசையில் இருக்கவேண்டும், அரை நாள் போய்விடும். மூன்றாவது, உங்கள் குடும்ப வைத்தியர். அவரே மருந்து தொடங்கலாம். சிக்கலாக இருந்தால் நிபுணருக்குக் கடிதம் தருவார். எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் 1926 ஐ எடுங்கள். முல்லேரியாவில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இருபத்துநாலு மணித்தியாலமும் இருக்கும், தமிழில் கதைக்கலாம்.

உளவளத் துணையாளர், உளவியலாளர், மனநல வைத்தியர் மூவரும் மூன்று பேர். மருந்து எழுதுவது வைத்தியர் மட்டும். நடுத்தரமான மனச்சோர்வுக்குக் கதைத்துச் செய்யும் சிகிச்சையும் மருந்தும் இரண்டுமே வேலை செய்யும். கடுமையென்றால் இரண்டும் சேர்ந்தது நல்லது. தமிழில் சிகிச்சை செய்யும் உளவியலாளரைக் கொழும்பில் தேடுவது கொஞ்சம் அலைச்சல்தான். கிடைத்தால் விடாதீர்கள்.

"வெள்ளவத்தையில ஆராவது கண்டால்?" இதை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. காலி வீதியில் பாமசிக்குள் நுழைந்தால் எதிரே பெரியம்மா முறையான ஒருவர் வருவது நிச்சயம். அப்படியென்றால் நுகேகொடையிலோ நாரஹேன்பிட்டியிலோ சனல் பண்ணுங்கள். மருந்தை நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் வாங்குங்கள், பெரும்பாலும் விலையும் குறைவு. வெட்கப்படத் தேவையில்லை என்று உங்களுக்கு வகுப்பெடுக்க எனக்கு விருப்பமில்லை. வெட்கம் போகும் வரைக்கும் பஸ்ஸில் இன்னும் கொஞ்சத் தூரம் போய் வரலாம், அவ்வளவுதான்.

போகும்போது ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் வாய் அடைத்துவிடும், அல்லது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உணர்ச்சியைச் சொல்லவராமல் "கொஞ்சம் ஸ்ட்ரெஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள். தாளில் இருக்கவேண்டியவை: எப்போதிருந்து; எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு முழிப்பு; எடை கூடியதா குறைந்ததா; இப்போது எடுக்கும் எல்லாக் குளிசையும் கஷாயமும்; குடி; குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா; எப்போதாவது நித்திரையே தேவைப்படாமல் அளவுக்கு மிஞ்சிய உற்சாகத்தோடு சில நாள் இருந்ததா; கர்ப்பம் அல்லது அதற்கான திட்டம்; சாகும் எண்ணம். அந்த உற்சாக விடயத்தை விடாதீர்கள். அப்படி இருந்தால் டொக்டர் தரும் மருந்தே வேறு.

குளிசை

வழக்கமாக முதலில் எழுதுவது எஸ்ஸிடலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளூவொக்செட்டின் போன்ற ஒன்று. இவை தலையிடிக் குளிசை மாதிரி அரை மணித்தியாலத்தில் கேட்பவை அல்ல. இரண்டு கிழமையில் அசைவு தெரியலாம், முழுப் பலனுக்கு நாலு முதல் ஆறு கிழமை ஆகும். கரைச்சல் என்னவென்றால் பக்க விளைவு முதல் நாளே வந்துவிடும், பலன் பிந்தித்தான் வரும். ஓங்காளம், வயிற்றுக் குழப்பம், நித்திரைக் குழப்பம், சிலருக்கு முதல் பத்து நாளில் பதகளிப்பே கொஞ்சம் கூடுதலாக. பெரும்பாலும் அது தணிந்துவிடும். தாம்பத்தியத்தில் நாட்டக் குறைவும் வரலாம். எங்கள் ஆக்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு மருந்தையே விட்டுவிடுவார்கள். சொன்னால் டொக்டர் மருந்தை மாற்றித் தருவார்.

இதிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பாடம்: குளிசை தொடங்கும் கிழமையில், கணக்கறிக்கையில் கையொப்பமிடும் திகதி எதையும் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் டொக்டரைப் பார்த்து, சனிக்கிழமை காலை சாப்பாட்டுக்குப் பிறகு முதல் குளிசை. சனி, ஞாயிறு வீட்டில். முடிந்தால் போயா விடுமுறை ஒட்டி வரும் கிழமையாகப் பாருங்கள். பெப்ரவரி நல்ல மாதம். மே மாதத்தில்தான் தேவை வந்தது என்றால் மேயிலேயே தொடங்குங்கள், ஆனால் அந்தக் கிழமையின் சுமையைக் குறைத்துக்கொண்டு.

நித்திரைக்கும் பதற்றத்துக்கும் தரும் குளொனசெபாம், அல்ப்ரசோலாம் வகை வேறு. உடனே கேட்கும், அதனால்தான் ஆபத்து. சில கிழமைக்கு மேல் தொடர்ந்தால் உடம்பு பழகிவிடும். அதைப் போட்டுவிட்டு வாகனம் ஓடக்கூடாது, குடியோடு சேர்க்கவே கூடாது. ஒபிஸில் "என்னட்ட ஒண்டு இருக்கு, போடுங்கோ" என்று கைப்பையிலிருந்து எடுத்துத் தரும் அக்காமார் எல்லா நிறுவனத்திலும் உண்டு. வாங்காதீர்கள். பிரசென்டேஷனுக்கு முன் நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலோல் போடுவதும் அப்படித்தான். இழுப்பு உள்ளவருக்கு அது ஆகாது.

தலையிடிக்கு இபுபுரூஃபன் அடிக்கடி போடுபவர் என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள். எஸ்ஸிடலோப்ராம் வகை மருந்துகளோடு சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவுக்கு வாய்ப்புக் கூடும். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றலாம், எதோடு எடுக்கலாம் என்று அவரே ஒழுங்கு செய்து தருவார். நீங்களாக ஆறு நாள் நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரலாம்.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பாமசி பாமசியாக அலைந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கிழமைக்கு மேல் கையிருப்பு இருக்கும்போதே அடுத்ததை வாங்கவேண்டும். டொக்டரின் மருந்துச் சிட்டையைப் படம் எடுத்து போனில் வைத்திருங்கள். பாமசிக்காரர் வேறு பிராண்ட் தந்தால் மருந்தின் உண்மைப் பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

சுகமாகிவிட்டது என்று தோன்றும் நாளில்தான் பலர் நிறுத்துகிறார்கள். முதல்தரம் வந்த மனச்சோர்வுக்குச் சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடரவேண்டும், பிறகு டொக்டர் சொல்லும் கணக்கில் மெதுவாகக் குறைக்கவேண்டும். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு அதைவிட நீளம். எனக்கு நீளம்தான்.

ஒபிஸில் யாரிடம், எவ்வளவு

எல்லோரிடமும் சொல்வதும் ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பதும் இரண்டுமே கஷ்டம். நான் சொல்வது இரண்டு பேர். ஒருவர் வேலையைப் பகிர்ந்து தரும் மேலதிகாரி, மற்றவர் பக்கத்து மேசைக்காரி.

மேலதிகாரிக்கு வருத்தத்தின் பெயர் தேவையில்லை. அவருக்குத் தேவை, வேலைக்கு என்ன ஆகும் என்பது. நான் சொன்னது ஏறத்தாழ இப்படி: "சேர், எனக்கு ஒரு ட்ரீட்மென்ட் நடக்குது. மாதத்தில ஒரு காலை கிளினிக் போகவேணும், திகதியெல்லாம் இப்பவே நாட்காட்டியில போட்டிருக்கிறன். அந்த நாளில கிளையன்ட் மீட்டிங் வைக்காமல் பாத்தால் போதும். ஃபைல் ஒண்டும் பிந்தாது." அவர் "சீரியஸா பிள்ளை?" என்று கேட்டார். "பாத்துக்கொள்ளக்கூடியது, சேர்" என்றேன். அதோடு கதை முடிந்தது. கவனித்தீர்களென்றால் இதில் மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. ஒரு கோரிக்கை, ஒரு உத்தரவாதம். கேள்வி மேலும் வந்தால் "டொக்டர் பாக்கிறார்" என்ற ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லலாம்.

பக்கத்து மேசைக்காரி சிங்களப் பெண். அவளுக்கு முழுவதும் தெரியும். அவளுக்கு நான் கொடுத்த வேலை மிகச் சின்னது: நான் சட்டென்று எழுந்து வெளியே போனால் என் போனை எடுக்கவேண்டும், என்ன என்று கேட்கக்கூடாது. அனுதாபத்தைவிட இப்படி ஒரு திட்டமான உதவி பெரிதாக உதவும். கேட்கப்படுபவருக்கும் அது லேசு.

மருத்துவக் காப்புறுதிக்குப் பற்றுச்சீட்டைக் கொடுக்க முன் இரண்டு விடயம் பாருங்கள். ஒப்பந்தத்தில் மனநலச் சிகிச்சை விலக்கப்பட்டிருக்கிறதா? அந்தப் பற்றுச்சீட்டு யார் யார் கையால் போகிறது? மனிதவளப் பிரிவின் மேசையில் திறந்தபடி கிடக்கும் என்றால் சொந்தக் காசில் கட்டிவிடுவது நிம்மதி, அல்லது அரச கிளினிக்.

லீவு: தனியார் காரியாலயங்களில் வேலை செய்வோருக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டம் வருடத்துக்கு 7 கெஷுவல், 14 அனுவல் தருகிறது. முதல் வருடத்துக்குக் கணக்கு வேறு. சுகவீனத்துக்கென்று தனி லீவு அந்தச் சட்டத்தில் இல்லை, கெஷுவலில்தான் அது வரும். நிறுவனம் தானாக மெடிக்கல் லீவு தந்தால் அது உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கும், எடுத்து வாசியுங்கள். வருடத் தொடக்கத்திலேயே நான்கு நாளைத் தொடாமல் ஒதுக்குங்கள். எனக்கு அது ஜூன் மாதத்துக்கு. அதே சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்றும் சொல்கிறது. எங்கள் டைம்ஷீட்டில் அந்த 45 ஐக் கண்டவர் யாராவது இருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

வேலையை எப்படி நகர்த்துவது

மனச்சோர்வில் காலைதான் மோசம். பலருக்கு மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்சம் வெளிக்கும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு மூளை வேண்டிய வேலையை வைக்காதீர்கள். வங்கி உறுதிப்படுத்தல் கடிதங்களை அடுக்குவது, எண்களை ஒப்பிடுவது மாதிரி கை மட்டும் செய்யும் வேலை காலையில். தீர்மானம் எடுக்கும் வேலையும் கிளையன்டோடு வாதாடும் வேலையும் இரண்டு மணிக்குப் பிறகு.

மனம் வந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்தால் மனம் வராது. இந்த வருத்தத்தில் வரிசை தலைகீழ்: செய்யத் தொடங்கியபின்தான் மனம் கொஞ்சம் வரும். உளவியலாளர்கள் இதை வைத்து ஒரு முழுச் சிகிச்சையே செய்கிறார்கள். நடைமுறையில் இப்படி: ஃபைலைத் திற. தலைப்பை எழுது. ஒரே ஒரு கணக்கின் தொடக்க மீதியைப் போன வருடத்தோடு பார். பிறகு நிறுத்தலாம் என்று உங்களுக்கே அனுமதி கொடுங்கள். பெரும்பாலான நாளில் நிறுத்தமாட்டீர்கள். நிறுத்தினாலும் ஃபைல் திறந்தாகிவிட்டது.

பதகளிப்புக்கு நேரெதிர் வழி வேண்டும். அது தொடங்கவிடாமல் தடுப்பது குறைவு, முடிக்கவிடாமல்தான் தடுக்கும். அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்ப வாசிப்பது, பூட்டிய லப்டொப்பைத் திறப்பது, இரவு ஒரு மணிக்கு "அந்தத் தேய்மானத்தை இரண்டுதரம் கழித்துவிட்டேனோ" என்று எழுந்து உட்காருவது. இதற்கு எனக்குக் கைகொடுத்தது எங்கள் தொழிலின் சட்டப்புத்தகம்தான். இலங்கைக் கணக்காய்வு நியமம் 320 பொருண்மையைப் பற்றியது: எவ்வளவு பெரிய பிழை இருந்தால் கணக்கை வாசிப்பவரின் தீர்மானம் மாறும் என்று ஒரு தொகையை வேலை தொடங்க முன்னரே நிர்ணயித்துவிட வேண்டும். பிறகு கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பிழையையும் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அற்பமானவற்றைத் துரத்த மாட்டோம். பதகளிப்பு செய்யும் அநியாயம், இந்தத் தொகையைப் பூச்சியமாக்கிவிடுவது. ஒரு காற்புள்ளி தவறியதும் கோடி ரூபா தவறியதும் நெஞ்சுக்கு ஒரே அளவாக இடிக்கும்.

ஆகவே ஓர் அறிக்கையை அனுப்ப முன், அமைதியாக இருக்கும் நேரத்தில், ஒட்டுத்தாளில் எழுதுகிறேன்: இதில் பெரிய பிழை என்றால் எது? மொத்தங்கள், கிளையன்டின் பெயர், திகதி. இந்த மூன்றையும் இரண்டுதரம் பார்ப்பேன். அடையாளம் போட்டு அனுப்பிவிடுவேன். மூன்றாம்தரம் பார்க்கவேண்டும் என்று கை துடிக்கும், துடிக்கட்டும். மறுபடி பார்த்தால் ஐந்து நிமிடம் ஆறுதல் கிடைக்கும், அடுத்த முறை நான்குதரம் பார்க்கச் சொல்லும். பார்க்காமல் இருந்தால் முதல் சில நாள் பெரிய அந்தரம், பிறகு அது தானாக இறங்கும். இறங்குகிறது என்று அனுபவத்தில் கண்டபின்தான் நம்பிக்கை வரும். முன்னதாக யார் சொல்லியும் வராது.

மனிதர்கள் விடயத்திலும் இதே விதிதான். நிறுவனத்தின் பங்காளியைப் பற்றி "பார்ட்னர் என்னோடு கோபம்" என்று தோன்றினால் போதிய சான்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவர் "ஓகே" என்று மட்டும் பதில் போட்டார். அவர் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவாரா? ஆம். அப்படியென்றால் சான்று போதாது. கருத்துச் சொல்வதை ஒத்திவைக்கலாம். அதே பார்ட்னர் இரவு பதினொரு மணிக்கு அனுப்பும் வாட்ஸ்அப்புக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: பத்தரைக்குப் பிறகு போன் குசினி மேசையில் கிடக்கும். தீப்பிடித்தால் அழைப்பார்கள். இதுவரை ஒரு ஐந்தொகையும் தீப்பிடித்ததில்லை.

நித்திரை பற்றி ஒரே வரி: படுக்கும் நேரம் மாறினாலும் எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள், மூன்று மணிக்குப் பிறகு பிளேன்ரீயும் வேண்டாம்.

கூட்டத்தின் நடுவில் நெஞ்சு அடைத்தால்

திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். ஈசிஜி எல்லாம் பார்த்து, இது பீதிதான் என்று டொக்டர் சொன்னவர்களுக்கு இது. மணிக்கூட்டைப் பாருங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்துங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள்; நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. ஆழமாக இழு இழு என்று இழுத்தால் தலைச்சுற்றுத்தான் கூடும். தண்ணீர்க் கிளாஸைப் பிடித்திருப்பது எனக்கு உதவும், குளிர் கையில் தெரியும். முடிந்தால் அறையிலேயே இருங்கள். ஓடிவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அந்த அறையே பயமாகிவிடும். முடியாவிட்டால் கழிவறைக்குப் போங்கள், ஆனால் திரும்பி வாருங்கள்.

வழக்கத்துக்கு மாறான நெஞ்சுவலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் என்றால் மேலே சொன்னதை மறந்துவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இலவசம்.

வீடு

அம்மாமாரோடு இருப்பவர்களுக்கு இது ஒபிஸைவிடச் சிக்கல். என் அம்மாவுக்கு முதலில் இது நாவூறு. பிறகு கலியாணம் ஆகாத குறை. பிறகு கொம்பியூட்டர். "பிள்ளை, மயூரபதி அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைப்பம்" என்றார். வைத்தோம். அம்மனிடமும் போகிறேன், குளிசையும் போடுகிறேன். இரண்டில் ஒன்றை விடச் சொல்லி வீட்டில் சண்டை பிடிப்பது வீண்.

அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். "ஏன் இப்பிடி இருக்கிறாய் எண்டு கேக்காதேங்கோ அம்மா. காலமை ஏழு மணிக்கு யன்னலைத் திறந்து பிளேன்ரீயைப் பக்கத்தில வைச்சுவிட்டுப் போங்கோ, அது காணும்." அம்மா இதை எந்தப் பூசைக்கும் குறையாமல் செய்கிறார். கனடாவிலிருந்து அழைக்கும் உறவினருக்கு என்ன சொல்வது என்பதையும் முன்பே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கலியாணப் பேச்சு வரும்போது மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு; நான் சொல்வேன், சொல்லித்தான் இரண்டு பேச்சுக் குழம்பியது, எனக்குக் கவலையில்லை.

நடை உண்மையிலேயே உதவும். ஜிம்முக்குக் காசு கட்டத் தேவையில்லை. 100, 101 பஸ்ஸில் வருபவர்கள் பம்பலப்பிட்டியில் இறங்கி, கடற்கரைப் பக்கம் மரின் டிரைவால் வெள்ளவத்தைக்கு நடந்து வரலாம். ஒபிஸ் உடுப்போடேயே. வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றி வெளிக்கிடலாம் என்று நினைத்தால் வெளிக்கிட மாட்டீர்கள்.

சாகும் எண்ணம் வந்தால்

அது வருத்தத்தின் ஓர் அறிகுறி. காய்ச்சலுக்கு உடம்பு சுடுவதுபோல. வந்துவிட்டது என்று உங்களை நீங்களே ஏசவேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். தனியாக இருக்காதீர்கள். வீட்டில் உள்ள குளிசை எல்லாவற்றையும் ஒருவரிடம் கொடுத்து ஒரு கிழமைக்கு உரியதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். 1926 ஐ அழையுங்கள். 1333 இலும் இலவசமாகக் கதைக்கலாம். கொழும்பில் சுமித்ரயோ இருக்கிறது, 1974 முதல் இதற்காகவே இருக்கிறார்கள், பெயர் கேட்கமாட்டார்கள். எண்ணம் திட்டமாக மாறிவிட்டது என்றால் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றம் இல்லை. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ராஜினாமாக் கடிதம்

எல்லோர் லப்டொப்பிலும் ஒன்று இருக்கும். எழுதுவதைத் தடுக்கமாட்டேன். அனுப்புவதை மட்டும், மருந்து தொடங்கி ஆறு கிழமையாவது ஆகும் வரை தள்ளிப் போடுங்கள். ஆழத்தில் இருக்கும்போது வேலை கெட்டதா, வருத்தம் அப்படிக் காட்டுகிறதா என்று பிரித்தறிய ஏலாது. ஆறு கிழமைக்குப் பிறகும் அந்தக் கடிதம் சரியாகவே தெரிந்தால் அனுப்புங்கள். சில இடங்கள் உண்மையிலேயே ஆளை விழுங்குபவை. ஒரு பழைய இடத்தை நான் அப்படித்தான் விட்டேன். சம்பளம் குறைந்தது, பிறகு கூடியது. பதவி உயர்வு வந்தால் ஏற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பட்டத்தைப் பார்க்காதீர்கள். கீழே எத்தனை பேர், ஊருக்கு வெளியே எத்தனை வேலை, மார்ச் முதல் ஓகஸ்ட் வரை எத்தனை கையொப்பம் என்று கேட்டு எழுதிக்கொண்டு டொக்டரிடம் காட்டிப் பேசுங்கள்.

கடைசியாக ஒரு தாள், நன்றாக இருக்கும் மாதத்தில் எழுதவேண்டியது. வருத்தம் திரும்பி வரும்போது உங்களுக்கு முதலில் என்ன நடக்கும்? எனக்கு: தலை கழுவாமல் நாள் போகும், அக்காவின் வாட்ஸ்அப்பை வாசிக்காமல் விடுவேன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாணும் வாழைப்பழமுமாக மேசையிலேயே இருப்பேன், ஜூனியர்களின் வேலையை நானே திருப்பிச் செய்யத் தொடங்குவேன். ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக இருக்கும். அதில் இரண்டு சேர்ந்து ஒரு கிழமைக்கு மேல் இருந்தால் கிளினிக் திகதியை முன்னுக்கு இழுக்கவேண்டும் என்று கீழே எழுதுங்கள். ஒரு பிரதி பக்கத்து மேசைக்கு, ஒரு பிரதி வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில். அம்மா என்னுடைய தாளைப் படித்துவிட்டுத் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து எழுதியிருக்கிறார்: "கறிக்கு உப்பில்லை எண்டு சொல்லாமல் சாப்பிட்டால்."